ஆறு பலகை, ஒரு போர்க்களம்

செஸ் விளையாட கட்டம் போட்ட ஒரு அட்டை போதும். பொம்மைப் படைகளை வைத்து ஆடும் வார்ஹேமர் 40,000 மாதிரி ஆட்டங்களுக்கு அது போதாது மக்களே! மேடு வேண்டும், ரோடு வேண்டும், ஒளிந்து சுட ஒரு இடிந்த சுவர் வேண்டும். 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' எழுதிய எச்.ஜி.வெல்ஸ் (ஆமாம், டைம் மெஷின் வெல்ஸேதான்) வீட்டுத் தரையில் மரக்கட்டைகளை அடுக்கிச் சமாளித்தார்.

பிரிட்டனில் ரொம்ப வருஷமாக இதற்கு வழக்கமான மேஜை 6 அடிக்கு 4 அடி. வாடகை ரூமில் இருப்பவன் இவ்வளவு பெரிய பலகையை எங்கே வைப்பான்? கட்டிலுக்கு அடியில் போகாது, காரில் ஏறாது. அதனால் 2 அடிச் சதுரமாக ஆறு துண்டு செய்துகொள்கிறார்கள். இதே அளவில் 2008-ல் கடைக்கே ரெடிமேடாக வந்தது. ஆனாலும் வீட்டில் செய்பவர்கள் விடவில்லை.

ஏன் என்று ஒரு கணக்கு போட்டால் தெரியும். ஆறு சதுரத்தையும் இடம் மாற்றலாம், ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் திருப்பலாம். மொத்தம் 29,49,120 விதம். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்தால் அதே களம்தானே என்று பாதியைக் கழித்தாலும் 14,74,560! ஒரே நிபந்தனை, ரோடு எந்தத் துண்டிலும் ஓரத்தின் நட்ட நடுவில் வெளியே வர வேண்டும். அரை அங்குலம் தள்ளினால் பக்கத்துத் துண்டில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். மேடும் ஓரத்துக்கு வரக்கூடாது.

செய்முறை பெரிய வித்தை இல்லை. எம்.டி.எஃப் பலகை, அதன்மேல் மேட்டுக்குத் தெர்மாகோல், வெள்ளைப் பசை, மணல், கரும்பழுப்பு பெயிண்ட். காய்ந்ததும் வெளிர் நிறத்தை பிரஷ்ஷில் தொட்டு, பேப்பரில் துடைத்துவிட்டு, மேலாகத் தேய்த்தால் மணல் நிஜ மண்ணாகிவிடும்.

சொதப்பல்கள்தான் சுவாரசியம். ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தால் தெர்மாகோல் கரைந்து, மலை இருந்த இடத்தில் பள்ளம் விழும். அதைவிடக் கொடுமை ஈரம். தண்ணீர் கலந்த பசையை மெல்லிய பலகையில் ஒரு பக்கம் மட்டும் பூசினால், காயும்போது அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு பலகை வளைந்துவிடும். பல வாரம் ராத்திரி கண்விழித்துச் செய்தது, மேஜையில் வைத்தால் நாற்காலி மாதிரி ஆடும். பின்பக்கமும் முன்கூட்டியே பெயிண்ட் பூசினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இது பெரும்பாலானவர்களுக்கு முதல் பலகை போன பிறகுதான் தெரியவரும் :-(

இப்படி அடிபட்டு ஆறையும் முடித்தவனுக்கு 2020-ல் வந்தது ஆப்பு. அந்த வருஷத்துப் புதிய விதிப்புத்தகம் வழக்கமான ஆட்டத்துக்குக் குறைந்தபட்ச அளவு 60 அங்குலத்துக்கு 44 அங்குலம் என்றது. குறைந்தபட்சம் என்றுதான் போட்டிருந்தார்கள். ஆனால் போட்டிகளில் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டால் ஒருத்தன் மட்டும் என்ன செய்வான்?

அறுத்துவிடலாமே என்று தோன்றும். அறுத்தால் ஒவ்வொரு துண்டும் 20-க்கு 22 அங்குலம், அதாவது சதுரம் போச்சு. நாலு பக்கம் திரும்பியது இனி இரண்டு பக்கம்தான் திரும்பும். 29 லட்சம் சுருங்கி 46,080 ஆகிவிடும். ஓரத்தில் ஒட்டிய மணலும் பெயர்ந்து வரும்.

ரம்பத்தை எடுக்காமல் டேப் ஒட்டி எல்லை போடுவதே உத்தமம். நீளத்தில் 12 அங்குலமும் அகலத்தில் 4 அங்குலமும் மிச்சம் கிடைக்கும். செத்த பொம்மைகளை அடுக்க 12 அங்குலம் தாராளம். டீ டம்ளரை மட்டும் அந்த 4 அங்குலத்தில் வைக்காமல் இருந்தால் சரி.