குறைந்திருக்கும் சோறு

தேர்ச்சி அறிக்கை நாளுக்கு ஒருமுறையேனும் வாராத தந்தை ஒருவர்மீது எனக்கு மனக்குறை இருந்தது. சென்ற வாரம் அவரே வந்தார். பள்ளி வாசலில் வேன். உள்ளே கொடுத்து முடிக்காத பார்சல்கள். "பத்து நிமிடந்தான் டீச்சர்," என்றார்.

கேரித் தீவிலிருந்து விடியுமுன் லங்காட் ஆற்றைத் தாண்டிக் கிள்ளானுக்குச் செல்பவர், மகன் உறங்கிய பின்னரே திரும்புகிறார். ஞாயிறு மட்டுமே ஓய்வு. பார்சல் கணக்கில்தான் கூலி. 2023 சனவரி முதல் வேலைச் சட்டம் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைத்தது. அது ஊழியர்களுக்கு, இவரோ ஒப்பந்தக்காரராம்! 2025 ஆகஸ்டு 28இல் மக்களவை நிறைவேற்றிய கிக் தொழிலாளர் மசோதா சமூகப் பாதுகாப்பையும் தீர்ப்பாயத்தையும் தருகிறது. நல்லதே. இரவு எட்டு மணிக்கு வீட்டிலிருக்க அது போதுமா?

மகன் எழுதிய 'என் தந்தை' கட்டுரையைக் காட்டினேன். "காலையில் சட்டியில் சோறு குறைந்திருந்தால் அப்பா வந்தார் என்று தெரியும்" என எழுதியிருந்தான். இருமுறை படித்தார். கைப்பேசி ஒலித்தது, எடுக்கவில்லை.

அடுத்த அறிக்கை நாளை ஞாயிற்றுக்கிழமை வைக்கலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.