பத்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம்



ஜெர்மனியின் டார்ட்மண்டில் எங்கள் கிடங்குக்கு இந்த வாரம் ஒருவர் வேலைக்குத் திரும்பினார். இடுப்பு டிஸ்க் விலகி மாதக்கணக்கில் படுத்திருந்தவர். காலை எட்டு மணிக்கு வந்தார். பத்து மணிக்குக் கையுறையைக் கழற்றினார். "இந்த ஒரு பேலட்டையும் இறக்கிட்டுப் போங்களேன்" என்றார் மேற்பார்வையாளர். இவர் பேசாமல் சட்டைப் பையிலிருந்த தாளை நீட்டினார். முதல் இரண்டு வாரம் தினமும் இரண்டு மணி நேரம், அடுத்து நான்கு, அப்புறம் ஆறு. பத்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. சுமையோடு இடுப்பைத் திருப்பக் கூடாது. அதைப் படித்ததும் மேற்பார்வையாளர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பேலட்டைத் தானே இறக்கினார்.

அந்தத் தாளில் இருக்கும் ஏற்பாட்டுக்கு இங்கே 'ஹாம்பர்க் மாடல்' என்று பெயர். நோயாளி சம்மதித்து, மருத்துவர் அட்டவணை போட்டு, முதலாளியும் ஒப்புக்கொண்டால் படிப்படியாக வேலைக்குத் திரும்பலாம். அந்த நாட்களில் சட்டப்படி அவர் இன்னும் நோயாளிதான். நோய்வாய்ப்பட்ட முதல் ஆறு வாரம் முதலாளி முழுச் சம்பளம் கொடுப்பார். பிறகு நோய்க் காப்பீட்டு நிதியம் மொத்தச் சம்பளத்தில் 70 சதவீதம் தரும். ஆனால் கைக்கு வரும் சம்பளத்தில் 90 சதவீதத்தைத் தாண்டாது. ஒரே நோய்க்கு மூன்றாண்டில் 78 வாரம் வரை இந்த ஏற்பாடு. படிப்படியாகத் திரும்பும் காலத்திலும் அந்தப் பணம் வரும். வலி கூடினால் அட்டவணையை மாற்றலாம், நிறுத்தியும்விடலாம். ஓராண்டில் ஆறு வாரத்துக்கு மேல் நோயில் கழிந்தால், உட்கார்ந்து பேச முதலாளியே அழைக்க வேண்டும் என்பதும் சட்டம்.

மதுரை நெல்பேட்டையில் மூட்டை தூக்கிய என் பெரியப்பாவுக்கும் இதே நோய்தான். அவருக்குத் தாள் எதுவும் தேவைப்படவில்லை. "அண்ணே, நீங்க கணக்கு மட்டும் பாருங்க" என்று கூட்டாளிகள் அவர் பங்கு மூட்டையையும் சுமந்தார்கள். மதியச் சாப்பாட்டையும் பகிர்ந்தார்கள். அப்படிப்பட்ட மனிதர்களை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. ஆனால் அவர்களும் கூலிக்காரர்கள். எத்தனை நாள் சுமப்பார்கள்? பெரியப்பா சீக்கிரமே மறுபடி முழு மூட்டைக்குப் போனார். அதோடு அவர் இடுப்பு போயிற்று.

நம் ஊரில் இந்த வலிக்கு இரண்டே வழி சொல்கிறார்கள்: அசையாமல் படு, இல்லையேல் முழு வேலை பார். இரண்டுமே தவறு. டிஸ்க் விலகியவர்களில் பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகிவிடும். நாள் கணக்கில் படுத்தால் தசை தளர்கிறது, பயம் கூடுகிறது. நடக்க வேண்டும், அரைமணிக்கொரு தரம் எழுந்து நிற்க வேண்டும், முழங்காலை மடக்கி, சுமையை உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும், திரும்பும்போது பாதத்தை நகர்த்தித் திரும்ப வேண்டும். கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் அடங்காமலோ வராமலோ போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

நம் ஊர்த் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. நோய் விடுப்புக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் தருகிறது. நல்லதுதான். ஆனால் விடுப்புக்கும் முழு வேலைக்கும் நடுவே ஹாம்பர்க் மாடல் போல ஒரு படிக்கட்டு வேண்டும். செவிலியர், பேருந்து ஓட்டுநர், சுமைதூக்குபவர் யாராக இருந்தாலும் இடுப்பு ஒன்றுதான். அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தையில் போனஸுக்கு அடுத்த வரியிலேயே நம் சங்கங்கள் இந்த இரண்டு மணி நேரத் தாளையும் எழுதிக் கேட்கட்டும்.