விண்கலத்தில் ஒட்டிய பீரங்கி

1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் முதல் காட்சியில் இரண்டு கலங்கள் வருகின்றன. தப்பி ஓடுவது சிறியது. துரத்துவது திரையின் மேல்விளிம்பிலிருந்து இறங்கி, இறங்கி, வால்பகுதியே வராதோ என்று தோன்றும் அளவுக்கு நீள்கிறது. படப்பிடிப்புக்குச் செய்த மாதிரிகளை அளந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். சிறிய கலத்தின் மாதிரி ஆறடிக்கும் மேல். துரத்திய பூதத்தின் மாதிரி மூன்றே அடி. கதைப்படி அதன் நீளம் 1,600 மீட்டர். ஒரு மேசைமேல் குறுக்காக வைத்துவிடக்கூடிய பொருளைக் கிலோமீட்டர் கணக்கில் நம்ப வைத்தது அதன் மேற்பரப்பு. குழாய், பெட்டி, வரிச்சட்டம், பற்சக்கரம் என்று எதற்கென்றே சொல்ல முடியாத நூற்றுக்கணக்கான பொடிப்பொடிப் புடைப்புகள் அதில் அப்பிக் கிடக்கின்றன. இன்று எந்த விண்வெளிப் படத்தை எடுத்தாலும், வீட்டில் பிளாஸ்டிக் தகடு வெட்டிக் கலம் செய்பவர் யாரைக் கேட்டாலும், கலம் என்றால் இப்படித்தான் இருக்கும். இந்தத் தோல் எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி. விண்வெளிப் பொறியியலிலிருந்து வந்தது என்பது பலரும் நம்பும் பதில். தேடிப் போனால் வந்து நிற்கும் இடம் பொம்மைக் கடை.

முதலில் இந்தப் புடைப்புகள் எவை என்று பார்த்துவிடலாம். மாதிரி செய்பவர்கள் இவற்றைக் கிரீபிள் என்பார்கள், சிலர் நர்னி என்பார்கள். இரண்டு சொல்லுக்கும் அகராதிப் பொருள் கிடையாது, பொருளற்ற உறுப்புக்குப் பொருளற்ற பெயர். கலத்தின் உடலைத் தகட்டிலும் மரத்திலும் கையால் செய்துவிட்டு, அதன்மேல் கடையில் விற்கும் மாதிரிக் கிட்களின் பாகங்களைச் சட்டத்திலிருந்து கத்தரித்து ஒட்டுவது வழக்கம். இதற்குக் கிட்பாஷிங் என்று பெயர். 'ஸ்டார் வார்ஸ்' கலங்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் பாகங்கள் ஜப்பானிய ஹசேகாவா நிறுவனம் 1/72 அளவில் விற்ற 'லியோபோல்ட்' கிட்டிலிருந்து வந்தவை. அது இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பயன்படுத்திய, 28 செண்டிமீட்டர் வாய் கொண்ட குருப் கே5 ரயில் பீரங்கியின் பொம்மை. ஒய்-விங் கலத்தின் எஞ்சின் முகப்புக் குமிழ்கள் பெண்களின் நைலான் காலுறையை அடைத்து விற்ற முட்டை வடிவ டப்பாவின் பாதிகள். விண்மீன்களுக்கிடையே நடக்கும் போரின் இயந்திரங்களை அருகில் போய்ப் பார்த்தால் பீரங்கியும் காலுறை டப்பாவும் தெரிகின்றன என்பது எனக்கு ஏமாற்றமாக இல்லை. தேடலுக்கு நல்ல துப்பாக இருக்கிறது.

இந்தப் பழக்கம் 'ஸ்டார் வார்ஸ்' இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் 1975இல் கலிபோர்னியாவின் வான் நைஸில் தொடங்கிய ஐஎல்எம் என்ற சிறப்புக்காட்சிப் பட்டறையில் பிறந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது சரியல்ல என்பதற்கு அந்தப் பட்டறையின் தலைவரே சாட்சி. அங்கே சிறப்புக்காட்சிப் பொறுப்பிலிருந்த ஜான் டைக்ஸ்ட்ரா அதற்கு முன் டக்ளஸ் டிரம்புல் இயக்கிய 'சைலன்ட் ரன்னிங்' (1972) படத்தில் வேலை செய்தவர். அந்தப் படத்தின் 'வேலி ஃபோர்ஜ்' கலத்துக்கு ஏறத்தாழ 25 அடி நீள மாதிரி; கல்லூரி மாணவர்கள் பலர் அதன்மேல் உட்கார்ந்து ஒட்டினார்கள். ஒட்டியவை ஜெர்மன் டாங்கிக் கிட்களின் பாகங்கள், நூற்றுக்கணக்கான பெட்டிகள். கலத்தின் உட்புறக் காட்சிகளை உடைப்புக்குப் போகவிருந்த அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றில் எடுத்தார்கள். அந்தக் கப்பலின் பெயரும் வேலி ஃபோர்ஜ். வெளியே டாங்கி, உள்ளே போர்க்கப்பல். காடுகளைக் காப்பாற்றப் புறப்பட்ட கலத்துக்கு இது கொஞ்சம் விநோதமான பூர்வீகம்தான்.

டிரம்புல் எங்கே கற்றார்? ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968) படத்தில். பொறியியல் கட்சிக்காரர்கள் பிடித்துக்கொள்ளும் இடம் இதுதான். அந்தப் படத்துக்குக் கலங்களை வரைந்த ஹாரி லாங்கேயும் ஆலோசகர் ஃபிரெடெரிக் ஆர்ட்வேயும் நாசாவின் மார்ஷல் மையத்தில் வேலை பார்த்தவர்கள், ராக்கெட் தெரிந்தவர்கள். உண்மைதான். 'டிஸ்கவரி' கலம் உருண்டைத் தலையும் நீண்ட முதுகெலும்புமாக இருப்பதற்கு அவர்களின் அறிவு காரணம். மனிதர் வசிக்கும் பகுதியை அணு எஞ்சினிலிருந்து தள்ளி வைப்பது நியாயமான பொறியியல். ஆனால் 54 அடி நீள மாதிரியின் மேல் ஒவ்வோர் அங்குலத்திலும் என்ன புடைப்பு வர வேண்டும் என்று எந்தப் பொறியாளரும் சொல்லித் தரவில்லை. அந்த இடத்தை நிரப்பியது பட்டறை மேசையின் மேலிருந்த கிட் குவியல். குப்ரிக் படம் முடிந்ததும் மாதிரிகளை அழித்துவிடச் சொன்னதால் நேரில் சரிபார்க்கக் கிடைப்பவை மிகக் குறைவு. தப்பிய 'ஏரிஸ்' நிலாக்கலம் 2015இல் ஏலத்துக்கு வந்து 3,44,000 டாலருக்கு ஆஸ்கார் அகாடமியிடம் போய்ச் சேர்ந்தது. எலும்பு நாசாவுடையது, தோல் கடையுடையது என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீர்கிறது.

'2001' பட்டறைக்குக் கிட் பழக்கத்தை அறிந்த கைகள் எங்கிருந்து வந்தன என்பதற்கும் ஒரு பெயர் கிடைக்கிறது. '2001'இல் வேலை செய்த பிரையன் ஜான்சன், ஜெர்ரி ஆண்டர்சனின் பொம்மலாட்டத் தொடர்களை எடுத்த குழுவிலிருந்து வந்தவர். லண்டனுக்கு மேற்கே ஸ்லாவ் என்ற ஊரின் தொழிற்பேட்டையில், டெரெக் மெடிங்ஸ் என்பவரின் தலைமையில், 1964 முதல் 'தண்டர்பேர்ட்ஸ்' தொடருக்கான மாதிரிகள் தயாராகின. தண்டர்பேர்ட் 1 நிற்கும் கொட்டகைச் சுவரில் ஓர் இயந்திர உறுப்பு தெரியும். அது சமையலறையில் எலுமிச்சை பிழியும் பிளாஸ்டிக் பிழிவான். அதைச் சுற்றிலும் ஏர்ஃபிக்ஸ் கிட் துண்டுகள். ஏர்ஃபிக்ஸ் 1952இல் 'கோல்டன் ஹைண்ட்' கப்பலை இரண்டு ஷில்லிங்குக்கு வூல்வொர்த்ஸ் கடைகளில் விற்கத் தொடங்கி, அடுத்த பத்தாண்டில் போர் விமானம், டாங்கி, ரயில் பாலம் என்று பிரிட்டிஷ் சிறுவர்களின் அலமாரியை நிரப்பியிருந்தது. தொலைக்காட்சித் தொடருக்கு எபிசோடுக்கு எபிசோட் புதுக் கலமும் புதுக் கட்டடமும் வேண்டும். ஒவ்வொரு திருகையும் கடைந்தெடுக்க நேரமில்லை. எஃகு அச்சில் வார்த்த, ரிவெட் வரை கூர்மையான பாகங்கள் சில பென்ஸ் விலையில் தெருமுனைக் கடையில் கிடைக்கின்றன. பாலிஸ்டைரீன் என்பதால் ஒட்டுத் திரவத்தைத் தொட்டால் இரண்டு துண்டும் கரைந்து ஒன்றாகிவிடும். இதே குழு 1962இல் செய்த 'ஃபயர்பால் எக்ஸ்எல்5' வழவழப்பான ஏவுகணை; மூன்றாண்டு கழித்து 'தண்டர்பேர்ட்ஸ்' திரையில் அழுக்கும் கறையும் புடைப்புமாக வருகிறது. அதற்கும் முன்னால் போனால் 'டெஸ்டினேஷன் மூன்' (1950), 'ஃபர்பிடன் பிளானட்' (1956) எல்லாம் வெள்ளிக் கரண்டிபோல் பளபளப்பவை. தடம் ஸ்லாவில் நின்றுவிடுகிறது என்றே நினைக்கிறேன்.

ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கிட் மலிவாகக் கிடைத்தது என்பது வழியை விளக்கும். பார்ப்பவர் ஏன் நம்பினார் என்பதை விளக்காது. தரையில் ஒரு கட்டடத்தின் உயரத்தைக் கதவை வைத்து, பக்கத்தில் நிற்கும் ஆளை வைத்து, தூரத்தின் மங்கலை வைத்து ஊகிக்கிறோம். விண்வெளியில் இவை எதுவும் கிடையாது: கறுப்புத் துணியின் முன்னால் ஒரு பொருள், அவ்வளவுதான். அப்போது கண் பற்றிக்கொள்ளும் ஒரே அளவுகோல், அந்தப் பொருளில் தெரியும் மிகச் சிறிய விவரம். விவரம் எவ்வளவு பொடியோ, பொருள் அவ்வளவு பெரியது. 1/35 டாங்கியின் அடிப்பகுதியில் அரிசி அளவு புடைப்பாக இருந்தது, கலத்தின் மேல் ஏறியதும் மூன்று மாடிக் கட்டடமாகிவிடுகிறது. பீரங்கி, டாங்கி, போர்க்கப்பல் கிட்களை விரும்பித் தேடியதற்கும் இதுவே காரணம். கார் கிட்டில் உடல் வழவழப்பு, டாங்கியின் வயிற்றில்தான் சக்கரமும் கரமும் வரிசை வரிசையாக ஒரே அச்சில் திரும்ப வரும்.

பொறியியல் கட்சி இன்னும் ஒரு வாதம் வைக்கும். காற்றில்லாத இடத்தில் வழவழப்பு தேவையில்லை. எனவே குழாயும் பெட்டியும் வெளியே துருத்துவது இயல்பு. 1969இல் நிலவில் இறங்கிய அப்போலோ கலமே கோணல்மாணலாகத்தானே இருந்தது என்பார்கள். வாதத்தின் முதல் பாதியை ஏற்கிறேன். ஆனால் அப்போலோ கலத்தின் தோற்றம் கசங்கிய தாளும் மெல்லிய தகடும் கொண்டது. சினிமாக் கலங்களின் தோலோ டாங்கியையும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையையும் ஒத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உறவே தெரியாது. இதைவிட வலுவான சாட்சி மேட் ஜெஃப்ரிஸ். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் பறந்த அவர், 'ஸ்டார் டிரெக்' தொடரின் 'எண்டர்பிரைஸ்' கலத்தை வடிவமைத்தபோது மேற்பரப்பை வேண்டுமென்றே வழவழப்பாக விட்டார். பழுதாகக்கூடிய இயந்திரத்தை வெளியே வைத்தால் யார் வெற்றிடத்தில் போய்ச் சரிசெய்வது, அது உள்ளேதான் இருக்க வேண்டும் என்பது அவர் நியாயம். இயந்திரத்தோடு வாழ்ந்தவர் எட்டிய முடிவு வழவழப்பு; அந்தப் பதினோரடி மாதிரி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருக்குப் பின்வந்த ரசிகர்கள் நிஜம்போல் இருக்கிறது என்று நம்பியது டாங்கி பாகம் ஒட்டியதை. நிஜம் என்ற உணர்வு பொறியியலிலிருந்து வரவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மலிவான கிட் எங்கும் கிடைத்ததென்றால் இந்த யோசனை பல ஊர்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கலாமே என்பது நியாயமான ஐயம். பொழுதுபோக்காகச் செய்த எத்தனையோ பேர் வீட்டிலேயே இதைக் கண்டுபிடித்திருப்பார்கள். அதை மறுக்க மாட்டேன். திரை மரபு மட்டும் கைமாறிக் கைமாறி வந்தது. அதன் சுற்று ஓரிடத்தில் வேடிக்கையாக முட்டிக்கொள்கிறது. ஸ்லாவிலிருந்து குப்ரிக்கிடம் போன அதே பிரையன் ஜான்சன், 1975இல் ஒளிபரப்பான 'ஸ்பேஸ்: 1999' தொடருக்கு 'ஈகிள்' என்ற கலத்தைச் செய்தார். கலிபோர்னியாவில் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் 'மில்லேனியம் ஃபால்கன்' கலத்தின் மாதிரி ஏறக்குறைய முடிந்திருந்த வேளையில், அது ஈகிளைப் போலவே இருப்பதைக் கவனித்துவிட்டு லூகாஸ் குழு வடிவத்தையே மாற்றியது. குழுவிலிருந்த ஜோ ஜான்ஸ்டன் வட்டமான புதுக் கலத்தை வரைந்தார். கைவிட்ட மாதிரி வீணாகவில்லை. தலையை மாற்றி, படத்தின் முதல் காட்சியில் ஓடும் அந்தச் சிறிய கலமாக்கினார்கள். ஆறடி மாதிரி துரத்தப்படுவதற்கும் மூன்றடி மாதிரி துரத்துவதற்கும் காரணம் இதுதான். ஜான்சன் பின்னர் 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் இரண்டாம் படத்திலேயே வேலை செய்தார்.

பிறர் அச்சில் வார்த்ததை எடுத்து ஒட்டுவது படைப்பா என்று கேட்பவர்களும் உண்டு. பிக்காசோ 1942இல் சைக்கிள் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்துக் காளைத் தலை செய்தார். பார்ப்பவருக்கு இருக்கையும் காளையும் ஒருசேரத் தெரிய வேண்டும், அதில்தான் அந்தச் சிற்பத்தின் குறும்பு. கலம் செய்பவரின் வேலை அதற்கு நேர் எதிர். பீரங்கி தெரிந்துவிட்டால் தோற்றார். எனவே பாகத்தைத் திருப்பி வைக்க வேண்டும், பாதியாக அறுக்க வேண்டும், அடையாளம் சொல்லும் சக்கரத்தை இன்னொன்றின் கீழ் புதைக்க வேண்டும், கடைசியில் ஒரே சாம்பல் வண்ணத்தை அடித்து எல்லாவற்றின் சாதியையும் அழித்துவிட வேண்டும். எங்கே நெரிசல், எங்கே வெற்றிடம் என்று முடிவு செய்வதில்தான் கை தெரியும். எல்லா இடத்திலும் அப்பியவன் கலம் குப்பைமேடாகத்தான் முடியும்.

மறைத்ததைக் கண்டுபிடிப்பது இப்போது தனித் துறையே ஆகிவிட்டது. ஃபால்கனின் ஐந்தடி மாதிரியின் படங்களைப் பெரிதாக்கி, இந்தப் புடைப்பு எந்த ஆண்டு எந்தக் கிட்டின் எத்தனையாவது பாகம் என்று ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகப் பட்டியல் போடுகிறார்கள். அதற்காகவே பழைய லியோபோல்ட் பெட்டிகளைத் தேடி வாங்கி, இரண்டு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பெட்டியோடு மூடி வைக்கிறார்கள். 2017இல் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் அந்த ஃபால்கனை 1/72 கிட்டாக வெளியிட்டது. மூல மாதிரியில் ஒட்டியிருந்த டாங்கி, பீரங்கித் துண்டுகள் அத்தனையும் அதில் சிறிதாக்கி, புதிதாக அச்சில் வார்க்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பெட்டியை வாங்கியவர்களில் சிலர் இந்நேரம் அதையும் கத்தரித்து வேறொரு கலத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பார்கள்.