கச்சான் ஊதிய உலை

வகுப்பறையில் உலோகம் ஒரு பாடம், விண்மீன் வேறொரு பாடம், எஞ்சின் இன்னொன்று. பரீட்சைக்கு இந்தப் பிரிவினை வசதிதான். ஆனால் இரும்பு முதலில் எங்கிருந்து வந்தது என்று தேடப் புறப்பட்டவர்கள் இந்த வேலிகளையெல்லாம் தாண்டிப் போயிருக்கிறார்கள். பல வருடங்களாக அவர்களைப் பற்றி வாசித்து வருகிறேன்.

மண்ணிலிருந்து வந்தது என்பது பாதிப் பதில். பெரிய விண்மீன் ஒன்று ஐதரசனில் தொடங்கி ஈலியம், காபன், ஒட்சிசன் என்று கருக்களை இணைத்து இணைத்தே எரிகிறது. இரும்பை அண்டிய மூலகங்களை எட்டியதும் இணைப்பதால் சக்தி கிடைப்பதில்லை. மையம் இடிந்து விழ, விண்மீன் வெடிக்கிறது. மார்கரெட் பேர்பிட்ஜ், ஜெஃப்ரி பேர்பிட்ஜ், வில்லியம் ஃபௌலர், பிரெட் ஹொய்ல் ஆகிய நால்வரும் 1957இல் எழுதிய கட்டுரை, மூலகங்கள் விண்மீன்களில் பிறக்கும் கதையைக் கோவையாகச் சொன்னது. 1987 பெப்ரவரியில் தென்பட்ட சுப்பர்நோவா அதற்குச் சாட்சி. அங்கே பிறந்த நிக்கல்-56, ஆறு நாள் அரைவாழ்வுடன் கோபால்ற்-56 ஆகிறது. அது 77 நாள் அரைவாழ்வுடன் இரும்பாகிறது. மாதக்கணக்கில் அந்த ஒளி மங்கிய வேகம் இந்த 77 நாளோடு ஒத்துப்போனது. உண்டான நிக்கல் மட்டும் பூமியைப் போல் இருபதாயிரம் மடங்குக்கு மேல்! இதை வாசித்த இரவு கதவின் தாழ்ப்பாளைக் கூடக் கொஞ்சம் மரியாதையோடுதான் தொட்டேன்.

நிக்கல் ஜெற் எஞ்சினுக்குள்ளும் இருக்கிறது. இங்கிலாந்தில் பிராங்க் விற்றில் 1937இல் தமது எஞ்சினை முதன்முதல் இயக்கிய காலத்தில் பெரிய தலையிடி உலோகம்தான். செஞ்சூட்டில் சுழலும் தகடு மெல்ல மெல்ல நீண்டுவிடும். அதைத் தாங்கும் நிக்கல் கலப்புலோகங்கள் பிறகு வந்தன. படிகங்கள் சந்திக்கும் எல்லையில்தான் பலவீனம் என்று கண்டவர்கள், ஒரு தகடு முழுவதையும் ஒரே படிகமாக வளர்த்தார்கள். இன்று தகட்டின் உருகுநிலையை மிஞ்சிய வெப்பத்தில் வாயு அதைச் சுற்றிப் பாய்கிறது. உள்ளே ஓடும் குளிர்காற்று அதைக் காப்பாற்றுகிறது.

இதெல்லாம் எங்கோ நடக்கும் விசயம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்காகச் சமனலவெவவை வைத்திருக்கிறேன். பலாங்கொடைப் பக்கத்தில் அந்த அணைக்காக நடந்த தொல்லியல் ஆய்வில் ஜில் ஜூலெஃப் என்ற பெண்மணி, மேற்கு நோக்கிய சரிவுகளில் 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையான இரும்புலைகளைக் கண்டார். தென்மேல் பருவக்காற்றால் எரிந்த உலைகள் அவை. துருத்தியின்றி அத்தனை வெப்பம் வருமா? அவர் வாதிட்டுக்கொண்டிருக்கவில்லை, அதே மாதிரி உலை கட்டி எரித்துக் காட்டினார். முன்சுவரின் மேல்விளிம்பைக் காற்று விரைந்து கடக்கும்போது அங்கே அமுக்கம் குறைகிறது. அதனால் சுவரடியிலுள்ள மண்குழாய்கள் வழியே காற்று உள்ளே இழுபடுகிறது. காபன் மிகுந்த உருக்கும் கிடைத்தது. 1996இல் 'நேச்சர்' சஞ்சிகை அதை வெளியிட்டது.

9ஆம் நூற்றாண்டில் அல் கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீப் உருக்கு பேசப்படுகிறது. நமது கூட்டங்களில் அவரைத் தத்துவஞானி என்று சொல்லி முடித்துவிடுகிறோம். உருக்கை வகைபிரித்து எழுதியவரை மறந்துவிடுகிறோம். அந்த உருக்கு சமனலவெவவிலிருந்துதான் போனது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். காலம் பொருந்துகிறது, அவ்வளவுதான்.

எங்கள் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. கெட்டிக்காரப் பிள்ளைகளும், நகரத்தில் தங்கிப் படிக்க வசதியில்லாமல், கலைப்பிரிவுக்கே போகிறார்கள். அந்தப் பருவக்காற்றைத்தான் கிழக்கில் நாம் கச்சான் என்கிறோம். இம்முறை அது வீசத் தொடங்கியதும் தரம் 10 பிள்ளைகள் மைதானத்து மேட்டில் களிமண்ணால் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பினார்கள். இரும்பு உருக்க அல்ல. குழாய் வாயில் சாம்பிராணிப் புகை பிடித்துப் பார்க்க. புகை உள்ளேதான் போனது. சுவரை இன்னும் ஒரு சாண் உயர்த்தினால் என்ன நடக்கும் என்று ஒருத்தி கேட்டாள். நாளைக்குக் களிமண் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.