தட்டில் வளரும் குடல்

நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகர ஆய்வுக்கூடங்களில், கடுகைவிடச் சிறிய உருண்டைகள் கூழ் போன்ற பொருளில் புதைந்து வளர்கின்றன. அவை ஒவ்வொன்றும் ஒரு நோயாளியின் குடல். குடலிலிருந்து எடுத்த சிறு துணுக்கில் உள்ள குருத்தணுக்களைத் தக்கபடி வளர்த்தால், அவை தாமாகவே கூடிக் குடலின் அமைப்பைப் பெறுகின்றன. இத்தகைய சிற்றுறுப்பை ‘ஆர்கனாய்டு’ என்பர். 2009ஆம் ஆண்டில் தொஷிரோ சாட்டோவும் ஹான்ஸ் கிளெவர்ஸும் அடங்கிய குழு, எலியின் ஒரே குருத்தணுவிலிருந்து இப்படி ஒரு குடலை வளர்த்துக் காட்டியது.

‘சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்’ நோயாளிகளுக்கு இது பெரும் நம்பிக்கையாக அமைந்தது. உயிரணுக்களில் உப்பும் நீரும் கடந்து செல்ல உதவும் வாயில், இந்நோயாளிகளுக்குப் பிறவியிலேயே பழுதாகியிருக்கும். அதனால் சளி பசைபோல் இறுகி நுரையீரலை அடைக்கும். அந்த வாயிலுக்குரிய மரபணுவில் 2,000க்கும் மேற்பட்ட மாற்றங்கள் அறியப்பட்டுள்ளன. சில மாற்றங்கள் உலகில் ஓரிருவரிடமே உள்ளன. புதிய மருந்தைப் பலரிடம் சோதித்துப் பார்ப்பதே வழக்கம். இரண்டு பேரை வைத்து என்ன செய்வது? மருந்தின் விலையோ மிக அதிகம்.

அவர்களுக்காகச் சோதனையை உருண்டைகளே ஏற்றுக்கொண்டன. வாயிலைத் திறக்கத் தூண்டும் ‘ஃபோர்ஸ்கோலின்’ என்னும் பொருளைச் சேர்த்தால், நலமான உருண்டை ஒரு மணி நேரத்திற்குள் நீர் நிரம்பி உப்பிவிடும். நோயாளியின் உருண்டை அவ்வளவாக உப்பாது. ஏற்ற மருந்தைச் சேர்த்தால் அதுவும் உப்பத் தொடங்கும். இந்த ஃபோர்ஸ்கோலின், தமிழ்நாட்டு உழவர்கள் பயிரிடும் மருந்துக் கூர்க்கன் செடியின் கிழங்கிலிருந்து கிடைப்பது.

நூற்றுக்கணக்கான உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும் படங்களை மனிதர் அளந்துகொண்டிருந்தால் கண் பூத்துவிடும். செயற்கை நுண்ணறிவு ஒவ்வோர் உருண்டையின் விளிம்பையும் பிரித்தறிந்து, அதன் வளர்ச்சியை அளக்கிறது. ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே செல்ல முயல்கிறார்கள். அந்த அளவுகளையும் மரபணுத் தகவல்களையும் கொண்டு, கணினிக்குள் அதே உருண்டையின் ‘மின்னிலக்க இரட்டையை’ உருவாக்குவதே அம்முயற்சி. 1970இல் அப்பல்லோ 13 விண்கலம் பழுதானபோது, பூமியிலிருந்த மாதிரிக் கலத்தில் வழிமுறைகளைச் சோதித்த பிறகே வீரர்களுக்குக் கட்டளை அனுப்பினார்கள். அதுபோல, எந்த மருந்துக் கலவை பயன்தரும் என்பதை இரட்டையிடம் முதலில் கேட்கலாம். இம்முயற்சி இன்னும் தவழும் பருவத்தில்தான் இருக்கிறது.

தட்டில் வளரும் குடலுக்கு இரத்தக் குழாய் இல்லை. அதனுடன் இணைந்த நுரையீரலும் இல்லை. அதன் குறைகள் இரட்டைக்கும் தொற்றும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. செயற்கை நுண்ணறிவு தான் கண்ட எடுத்துக்காட்டுகளிலிருந்தே கற்கிறது. பலரிடம் காணப்படும் மரபணு மாற்றத்தை அது நன்கு அறியும். உலகில் ஓரிருவரிடம் மட்டுமே உள்ள மாற்றத்தை அது பார்த்தே இருக்காது. ஆனால், இந்த உதவி மிகுதியாகத் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். தெரியாததைத் தெரிந்ததுபோல் கூறுவதும் கணினிக்கு எளிது. எனவே, அரிய நோயாளி ஒருவருக்கு இரட்டை எந்த மருந்தைப் பரிந்துரைத்தாலும், அவருடைய உருண்டைகளிலேயே அதைச் சேர்த்து, அவை உப்புகின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கிறது.