இறங்கும் படி!

உங்கள் வீட்டுக்குள் ஏறிப் போவீர்களா, இறங்கிப் போவீர்களா? நான் இறங்குகிற கட்சி!

1994-ல் அப்பா பி.எஃப். பணத்தைப் போட்டு வேளச்சேரியில் வீடு கட்டியபோது வாசலில் மூன்று படிகள். தெருவில் ரோடு மேல் ரோடு போடப் போட, மூன்றும் தாருக்குள் போய்விட்டன. இப்போது ஒரு படி இறங்கித்தான் உள்ளே போகணும். மழை வந்தால் எங்களுக்கு முன்னால் தண்ணீர் இறங்கிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அப்பாவை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கினோம்.

அக்கா வீட்டுக்காரர் ரோடு இன்ஜினீயர். ஒருநாள் பிடித்துக்கொண்டேன். "ஏன் மாமா, நாலு மழை தாங்குற ரோடு போட உங்களுக்கு வராதா?"

"வரும் மாப்ளே! தார் ரோட்டுக்கு எமன் தண்ணி. ஜல்லிக்கும் தாருக்கும் நடுவுல புகுந்து பிடிப்பைக் கழட்டிடும். பாரம் ஏற ஏற அடியில விரிசல் விட்டு மேல வரும். அதை மூடி மேல புதுசா ஒண்ணு போட்டா, சொத்தைப் பல்லுக்கு வெள்ளையடிச்ச மாதிரி. பழைய விரிசல் மறுபடி எட்டிப் பார்க்கும்."

"அப்ப என்னதான் வழி?"

"அடி அடுக்கை 50 வருஷம் தாங்குற மாதிரி கனமா போடணும். தண்ணி வடிய வழி விடணும். தேயுற மேல் அடுக்கை மட்டும் அப்பப்ப சுரண்டி எடுத்துட்டு, அதே உயரத்துக்குப் புதுசு போடணும். சுரண்டாம போடக் கூடாதுன்னு 2021-லயே தலைமைச் செயலாளர் உத்தரவு இருக்கு. கேட்கத்தான் ஆள் இல்லை."

அந்தக் கடைசி வாக்கியம் உறுத்திக்கொண்டே இருந்தது.

போன மாதம் ஒரு ராத்திரி, 11 மணி. ரோடு ரோலர் சத்தம். லுங்கியோடு ஓடினேன். பழைய ரோடு அப்படியே கிடந்தது.

"ஸார், சுரண்டலையா?"

"சுரண்டறதுக்கு இதென்ன லாட்டரிச் சீட்டா? கலவை ஆறுது, தள்ளுங்க!" என்றார் சூப்பர்வைஸர்.

ஆபீஸில் லீவு கேட்கவே குரல் நடுங்குகிற ஆசாமி நான். நடுங்கிக்கொண்டே உத்தரவைச் சொன்னேன். எதிர்வீட்டு டெய்லர் வந்து பக்கத்தில் நின்றார். பக்கத்து வீட்டு அம்மா, மாடி வீட்டுப் பையன்கள்... தெருவே நின்றது. லாரி திரும்பிப் போனது. அடுத்த வாரம் சுரண்டுகிற மிஷின் வந்தது.

புது ரோடு போட்ட மறுநாள் காலை, அப்பா வாசலுக்கு வந்து கைத்தடியால் படியைத் தட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுதான்டா... ரெண்டாகலை!"

மூன்று படி ஏறிப் போக வீடு கட்டிய மனுஷன். அந்த ஒரு படிக்கு அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தார்.