லிஸ்பனில் ஒரு கிணற்றுத் தெரு

வாசகர் வீட்டில் ஜன்னல் உண்டு; சாவி உண்டு; அலமாரியும் மேசையும் இருக்கக்கூடும். இந்நான்கு சொற்களையும் நமக்கு அளித்தவர்கள் போர்த்துகீசியர். அளித்தவர்களே பிறரிடம் நிறைய வாங்கிச் சேர்த்தவர்கள் என்பதை அவர்களுடைய தலைநகரான லிஸ்பனில் கண்டோம்.

முதலில் அல்பாமா என்னும் பழம் பேட்டையில் ஏறினோம். எல்லாம் படிக்கட்டும் சந்துமே. எதிரே ஒருவர் வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். வெந்நீர் ஊற்றைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பேட்டையின் பெயர். வீட்டுச் சுவர்களில் பதித்த வர்ண ஓடுகளுக்கு 'அஸுலேஜு' என்று பெயர், அதுவும் அரபுதான். லிஸ்பன்வாசிகளைப் பிற ஊரார் 'குட்டி லெட்டூஸ் கீரைகள்' என்று பரிகசிப்பதுண்டு. அந்தக் கீரையின் போர்த்துகீசியப் பெயரும் அரபிலிருந்து வந்ததே!

'மூர்கள்' என்று ஐரோப்பியர் அழைத்த அரபு, வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள் இந்நகரைச் சுமார் நானூறு வருஷம் ஆண்டனர். 1147-ல் அபோன்ஸோ ஹென்றிக்ஸ் மன்னன், சிலுவைப் போர் வீரர்களின் உதவியுடன் இதைக் கைப்பற்றினான். எஞ்சிய மூர்கள் மதிலுக்கு வெளியே குடியமர்ந்த இடம் இன்றும் மொராரியா, அதாவது மூர் சேரி, எனப்படுகிறது. 1496-ல் அவர்களை நாட்டை விட்டே வெளியேறும்படி அரசாணை பிறந்தது. பெயர்கள் மட்டும் வெளியேறவில்லை.

மறுநாள் 'கறுப்பர் கிணற்றுத் தெரு'வுக்குச் சென்றோம். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த அடிமைகள் இறந்தால், உடல்களைக் குப்பை மேட்டில் எறிவது அக்காலத்து வழக்கம். நாய்கள் இழுத்துத் திரிவதை முன்னிட்டு, ஆழமான குழி ஒன்று வெட்டி, அவ்வப்போது சுண்ணாம்பு போடும்படி 1515-ல் மானுவேல் மன்னன் கட்டளையிட்டான். அக்குழியின் நினைவே தெருவின் பெயர் என்பர். கள்ளிக்கோட்டைக்கு வந்த வாஸ்கோ ட காமாவின் சமாதியைக் காண அந்நகரில் கூட்டம் நெரிகிறது. இங்கே பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்த்தவர்கள் நாம் மட்டுமே.

ஆயினும் ஆப்பிரிக்கர் இந்நகருக்குச் செய்த பெரிய உபகாரம் பின்னால் வந்தது. குடியேற்ற நாட்டு மாணவர்களைத் தன் கண்காணிப்பில் வைக்கலாமென்று கருதி, 1944-ல் சர்க்கார் இங்கே ஒரு மாணவர் இல்லத்தை அனுமதித்தது. விவசாயம் படிக்க வந்த அமில்கார் காப்ராலும், வைத்தியம் படிக்க வந்த அகோஸ்டின்ஹோ நெட்டோவும் அங்கே கூடிப் பேசியது சுதந்திரத்தைப் பற்றி! 1965-ல் போலீஸார் இல்லத்தை மூடினர். அதற்குள் ஆப்பிரிக்காவில் போர் மூண்டுவிட்டது. காப்ரால் 1973-ல் கொலையுண்டார். ஆனால் முடிவில்லாத அப்போரில் சலித்த போர்த்துகீசிய ராணுவ அதிகாரிகளே 1974 ஏப்ரல் 25-ல் கிளம்பி, ஏறக்குறைய அரை நூற்றாண்டுச் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தனர். மறு வருஷம் நெட்டோ அங்கோலாவின் முதல் ஜனாதிபதியானார். லிஸ்பன் ஆப்பிரிக்காவுக்கு விடுதலை தந்தது என்று யாரேனும் சொன்னால், யார் யாருக்குத் தந்தது என்று நாம் திருப்பிக் கேட்போம்.

மாலையில் ஸான் டொமிங்கோஸ் மாதா கோயில் சதுக்கத்துக்கு வந்தோம். கினி-பிஸாவ் நாட்டார் கூட்டம் கூட்டமாக நின்று ஊர்க் கதை பேசிக்கொண்டிருந்தனர். ஒரு மூதாட்டியிடம் கோலாக் கொட்டை வாங்கி மென்றோம். பாக்கைப் போலவே துவர்ப்பு. வெற்றிலை இல்லாத குறையைத் தவிர வேறு குறை தெரியவில்லை.